சம்பந்தமில்லாத இருமல்

டிசம்பர் 1, ஞாயிறு

இந்த நோட்டு என்னுடையதில்லை. காற்று மாசு பற்றி ஆராய்ச்சி செய்யும் நஸ்ரின் என்ற பெண் இன்று காலை எங்கள் ஆலப்பாக்கம் அடுக்ககத்துக்கு வந்து, காரில் வேலைக்குப் போகிற பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கொரு நோட்டும் ஆளுக்கொரு பெட்டியும் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டி, குளியல் சோப்பு அளவு. காருக்குள் வைத்தால் காற்றில் எவ்வளவு நுண்தூசி என்று எண்ணாகக் காட்டும். அறுபது வரை பச்சை விளக்கு. அப்புறம் மஞ்சள். நூற்றிருபதைத் தாண்டினால் சிவப்பு. ஒரு மாதம் தினமும் எண்ணைப் பார்த்து எழுத வேண்டும். கண்ணாடி திறந்ததா மூடியதா, ஏ.சி. உண்டா, காரில் எத்தனை பேர் என்று கட்டம் கட்டமாக இருக்கிறது. கடைசிக் கட்டத்தின் பெயர் ‘குறிப்பு’. நான்கு விரல் அகலம். போதாவிட்டால் பின்பக்கம் எழுதலாம் என்று வேறு சொன்னார். என்னைப் பற்றி அந்தப் பெண் அக்கம்பக்கத்தில் விசாரித்திருக்க வேண்டும்.

முதல் பக்கத்தில் கேள்விகள். பெயர்: ஞானசம்பந்தம். வயது: ஐம்பத்து மூன்று. வேலை: காப்பீட்டு நிறுவனத்தில் வாகன இழப்பீட்டுப் பிரிவு. (விபத்து எப்படி நடந்தது என்று ஜனங்கள் எழுதித் தருகிற கதைகளைப் படித்துவிட்டு நம்பாமல் இருப்பது.) காருக்குள் புகைப்பவர் உண்டா? இல்லை. 2009-லேயே விட்டாயிற்று. அதற்காக வீட்டில் இன்றுவரை ஒரு பாயசம்கூட வைக்கவில்லை என்பதையும் எழுதலாமென்றால், இந்தக் கேள்விக்கு இடம் ஒரு விரல்தான்.

“ஏம்மா, மூடின காரு, ஏ.சி. எனக்கு என்ன வந்துடப் போகுது? பாவம், பைக்ல போறவங்களுக்குக் குடுங்க இந்தப் பெட்டியை” என்றேன்.

நஸ்ரின் சிரித்தார். “கார் வச்சிருக்கிற எல்லாரும் இதையேதான் சொல்றாங்க சார். அதுக்குத்தான் இந்த ஆராய்ச்சி.”

டிசம்பர் 2, திங்கள்

கிளம்பிய நேரம் 7.40. கண்ணாடி மூடியது. ஏ.சி. உண்டு. எண்: 412. சிவப்பு.

நானூற்றுப் பன்னிரண்டு! கேட்டைத் தாண்டி இரண்டாவது நிமிடத்தில்! சுற்றுமுற்றும் பார்த்தேன். எதிரே ஒரு ஷேர் ஆட்டோ நின்று, புகையைக் கக்கிக்கொண்டிருந்தது. டிரைவரை முறைத்தேன். அவர் என்னை யாரோ தெரிந்தவர் என்று நினைத்துக் கையாட்டினார்.

காலை நடைமுறையை நஸ்ரினுக்காக எழுதிவைக்கிறேன். 7.30-க்குக் கண்ணாடி துடைப்பது. டேஷ்போர்டில் இருக்கும் பிள்ளையாருக்குப் பூ வைத்து, ஊதுவத்தி இரண்டு ஏற்றி, ஒரு நிமிடம் கண்மூடி நிற்பது. இரண்டு வருஷ வழக்கம். இன்று பெட்டியையும் பிள்ளையார் பக்கத்திலேயே வைத்தேன், அதற்கும் ஒரு பொட்டுக் குங்குமம். அப்புறம் கதவுகளைச் சாத்தி, ஏ.சி. போட்டு, என் மனைவி தையல்நாயகிக்காகக் காத்திருப்பது. கார் உள்ளே கோயில் மாதிரி கமகமவென்று இருக்கும்.

நாயகி வடபழனி பக்கம் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர். ஏழிலிருந்து பத்து வரை. இருபத்து நாலு வருஷ சர்வீஸ். இரண்டு வருஷமாக ஒரு வறட்டு இருமல் அவரைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. முதல் பானிபட் போரில் தொடங்குகிற இருமல் இரண்டாம் பானிபட்டில்தான் நிற்கிறதாம். நடுவில் முப்பது வருஷ சரித்திரம் பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை. டாக்டர் மூச்சுக்குழல் சுருங்குகிறது என்றார், இழுக்கிற மருந்து கொடுத்தார், வீட்டில் யாராவது புகைபிடிக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்று இருவரும் கோரஸாகச் சொன்னோம்.

இன்று காரில் வரும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே ஒரு சேதி சொன்னார். பள்ளித் தாளாளர் கூப்பிட்டனுப்பினாராம். “டீச்சர், நீங்க கஷ்டப்படறதைப் பாக்க முடியல. லைப்ரரி காலியா இருக்கு. அமைதியான இடம். அரையாண்டு லீவு முடிஞ்சு ஜனவரி ரெண்டாம் தேதி வரும்போது முடிவைச் சொல்லுங்க” என்றாராம்.

நாயகியை அமைதியான இடத்தில் வைப்பதாம்! தூக்கத்தில்கூட ‘பின் பெஞ்ச், அங்க என்ன பேச்சு?’ என்று கேட்கிற பெண்மணி.

“எல்லாம் சாக்பீஸ் தூளு” என்றேன்.

“எங்க ஸ்கூல்ல சாக்பீஸ் போயி ஆறு வருஷமாச்சு. மார்க்கர்தான்.”

“அப்ப மார்க்கர்.”

“இருமலுக்கும் மார்க்கருக்கும் என்னங்க சம்பந்தம்?” பாதியில் இருமல் வந்து, அது முடிந்து, விட்ட இடத்தில் பிடித்தார். “எங்க வீட்ல ஒரே ஒரு சம்பந்தம்தான். அதுவும் பேசறதெல்லாம் சம்பந்தமில்லாம.”

டிசம்பர் 3, செவ்வாய்

எண்: 388. முன்னால் ஒரு பஸ். எழுதிக்கொள்ளவும், பஸ்.

கேசவர்த்தினி ஸ்டாப்பில் எபினேசர் ஏறிக்கொள்வார். என் ஆபீஸ்தான், நாற்பது வயது, நெல்லைக்காரர். ஒரு வருஷமாகப் பின்சீட்டில் வருகிறார். நல்ல மனிதர். ஆனால் வேடிக்கை பார்ப்பதில் அப்படி ஒரு ஆசை. ஏறியதும் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டிக்கொள்வார். ஆற்காடு சாலையில் நடுவே தகரத் தடுப்பும் இரண்டு பக்கமும் வண்டியும் தவிர என்ன இயற்கை அழகு இருக்கிறதோ! “எபி, கண்ணாடியை ஏத்துங்க, வெளிய புகை” என்று நான் இங்கிருந்தே பட்டனை அமுக்கி ஏற்றிவிடுவேன். கர்ச்சீப்பை மூக்கில் கட்டிக்கொண்டு வங்கிக் கொள்ளைக்காரன் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

வழியில் சிக்னலில் நாயகிக்குத் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறந்து கொடுத்தேன். இடது கையில் பிடி பத்தாது அவருக்கு. விருகம்பாக்கம் சிக்னலில் மட்டும் நான் எதுவும் செய்வதில்லை, பேசுவதுமில்லை. வண்டி ஓட்டுகிறவனுக்குக் கவனம் வேண்டும், அவ்வளவுதான்.

டிசம்பர் 4, புதன்

431. குப்பை லாரி.

டிசம்பர் 6, வெள்ளி

அவமானம். அடுக்ககத்து வாட்ஸாப் குழுவில் எல்லோரும் அவரவர் எண்ணைப் போட ஆரம்பித்துவிட்டார்கள். ‘பி’ பிளாக் பூவராகவன் 88 என்று போட்டிருக்கிறார். அவருடைய கார் பதினெட்டு வயதுக் கிழம். ஏ.சி. வேலை செய்யாது, நான்கு ஜன்னலும் பாதியில் மாட்டிக்கொண்டு நிற்கும், ஹாரன் தவிர எல்லாம் சத்தம் போடும். அதற்கு 88. என் காருக்கு 405.

கீழே பார்த்தபோது கேட்டார். “என்ன சம்பந்தம் சார், நம்ம ரெண்டு பேரும் ஒரே ரோட்லதான போறோம்? நீங்க எதுக்கும் நம்ம வண்டியில வாங்களேன், கொஞ்சம் நல்ல காத்து வாங்கலாம்.”

நான் சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். பல்லை மட்டும் நறநறவென்று கடித்ததாக நாயகி சொல்கிறார்.

டிசம்பர் 8, ஞாயிறு

நஸ்ரினுக்கு போன் செய்து, பெட்டி என்மீது ஏதோ தனிப்பட்ட விரோதம் வைத்திருப்பதாகச் சொன்னேன். “சென்சார் ஓட்டையில குங்குமம் வச்சிருக்கீங்களா சார்?” என்று கேட்டார். எப்படித்தான் கண்டுபிடித்தாரோ! “ஓட்டையை விட்டுட்டு மேல வைங்க” என்றார். மேலே வைத்தாயிற்று.

பிறகு ஒரு விஷயம் கற்றுக்கொடுத்தார். ஏ.சி. பக்கத்தில், கார் படத்துக்குள் வளைந்த அம்புக்குறி போட்ட பட்டன் இருக்கிறதே, அதை அமுக்கினால் வெளிக்காற்று உள்ளே வராது, உள்ளே இருக்கிற காற்றே சுற்றிச் சுற்றி வருமாம். அமுக்காவிட்டால் முன்னால் போகிற லாரியின் புகையை ஏ.சி.யே இழுத்துக் குளிரவைத்து நம் மூக்கில் விடுமாம். நெரிசலில் லாரி, பஸ் பின்னால் நிற்கும்போது அமுக்க வேண்டும், நிறைய பேர் இருந்தால் நடுநடுவே விட வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வரும்.

ஏழு வருஷமாக அந்தப் பட்டன் யூ-டர்ன் எடுப்பது தொடர்பானது என்று நினைத்துத் தொடாமல் இருந்தேன். இதை நஸ்ரினிடம் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

டிசம்பர் 9, திங்கள்

பட்டனை அமுக்கினேன். எண்: 640.

பெட்டியில் இதற்கு மேல் எண் உண்டா என்பதே தெரியவில்லை. நாயகி வளசரவாக்கத்தில் இருமத் தொடங்கினார், நிற்கவேயில்லை. கண்ணெல்லாம் நீர். விருகம்பாக்கம் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி இறங்கி, ஒரு மருந்துக் கடை வாசலில் நின்று மருந்தை இழுத்துக்கொண்டு, “நீங்க போங்க, நான் ஆட்டோவுல போய்க்கறேன்” என்றார். காரில் இருந்தால் குளிர்ச்சியாக இருக்குமே என்று சொன்னேன். “போங்க” என்றார் மறுபடியும்.

ஆபீஸ் வரை எபினேசர் ஏதோ முனகிக்கொண்டே வந்தார். கர்ச்சீப்புக்குள்ளேயிருந்து என்ன கேட்கும்?

டிசம்பர் 10, செவ்வாய்

எபினேசர் இனி ஸ்கூட்டரில் வரப்போகிறாராம். “முட்டிக்கு நல்லதுன்னு டாக்டர் சொல்லுதாரு அண்ணே” என்றார். ஸ்கூட்டரில் முட்டிக்கு என்ன வேலை? இதில் ஏதோ இருக்கிறது. கணக்குப் பிரிவு ஷீலா மேடமும் கேசவர்த்தினியிலிருந்துதான் வருகிறார். நஸ்ரின், இதை ஆராய்ச்சியில் சேர்க்க வேண்டாம்.

எண்: 420. பட்டனை விட்டுவிட்டேன்.

டிசம்பர் 12, வியாழன்

நல்ல மழை. பள்ளிக்கூடம் லீவு. நான் மட்டும் தனியாகப் போனேன். சாலை கழுவிவிட்ட மாதிரி இருந்தது. பஸ் இல்லை, லாரி இல்லை, ஷேர் ஆட்டோ இல்லை, திட்டுவதற்கு ஓர் ஆள் இல்லை.

எண்: 395.

பூவராகவன் இன்று 19 என்று போட்டு, பக்கத்தில் ஒரு பச்சைக் கிளிப் படமும் போட்டிருக்கிறார்.

பெட்டி பழுது. சந்தேகமேயில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

வடபழனி சிக்னலில் நீண்ட நேரம் நிறுத்திவிட்டார்கள். நாயகியை அப்போதுதான் இறக்கிவிட்டிருந்தேன். போக்குவரத்துக் காவல் பெண்மணி ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். லைசென்ஸுக்குத்தான் என்று நினைத்துச் சட்டைப்பையைத் தடவினேன்.

“என்ன சார் அது, பிள்ளையார் பக்கத்துல சிவப்பா எரியுது?”

“காத்துல எவ்வளவு தூசின்னு காட்டும்மா.”

“அப்படியா? எங்க, இங்க எவ்வளவுன்னு காட்டுங்க.”

பெட்டியை எடுத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். 380-ல் இருந்த எண் மளமளவென்று இறங்கி 140-ல் நின்றது. அவர் குனிந்து பார்த்தார், காரின் உள்ளே ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை.

“ரோட்ட விட உங்க வண்டிக்குள்ளதான் சார் ஜாஸ்தி!” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “ஆனா நீங்க ரெண்டு நிமிஷத்துல போயிருவீங்க. எனக்கு ரெண்டு மணி வரைக்கும் நூத்தி நாப்பது” என்றார்.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன். போகும்போது கண்ணாடியில் பார்த்தேன். சிவப்பு சிக்னலில் நிற்கும்போதும் எஞ்சினை ஓட விட்டுக்கொண்டு நாற்பது வண்டி அவரைச் சுற்றி நின்றது. அதில் முதல் வண்டியாக இவ்வளவு நேரம் நின்றது யார் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை.

டிசம்பர் 16, திங்கள்

மார்கழி பிறந்தது. காலை ஐந்து மணிக்கே ஸ்பீக்கர். எண்: 455. பிள்ளையாருக்கு விசேஷம் என்று இன்று நான்கு ஊதுவத்தி.

மதியம் ஆபீஸில் இருக்கும்போது நஸ்ரின் போன்.

“சார், பெட்டி தன்பாட்டுக்கு நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுதிக்கும். உங்க பதிவை இங்கிருந்தே பாத்துட்டு இருக்கேன். பெட்டி பழுதில்ல சார்.”

“பின்ன?”

“தினமும் காலையில ஏழு முப்பத்தஞ்சு வரைக்கும் முப்பது, நாப்பதுதான் இருக்கு. ஏழு முப்பத்தெட்டுக்குச் செங்குத்தா ஏறுது. வண்டி நகரறதுக்கு முன்னாடியே. உங்க பார்க்கிங்லயே. ஏழு முப்பத்தெட்டுக்கு அங்க என்ன நடக்குது சார்? ஜெனரேட்டர் ஏதாவது?”

“ஒண்ணுமில்லையே. நான்தான் இருப்பேன். பிள்ளையாரைக் கும்பிட்டுட்டு நிப்பேன்.”

“கும்பிட்டுட்டுன்னா?”

“பூ வச்சு, ஊதுவத்தி ஏத்தி...”

லைன் கட்டாகிவிட்டதோ என்று “ஹலோ, ஹலோ” என்றேன்.

“கதவைச் சாத்திட்டா சார்?”

“ஆமாம்மா. இல்லேன்னா வாசனை போயிடுமே.”

“சார், முதல் பக்கத்துல புகை இல்லைன்னுதான எழுதியிருப்பீங்க?”

“அது புகை இல்லையேம்மா. ஊதுவத்தி!”

இந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்ததும் என் காதிலேயே விழுந்தது. நான் முப்பது வருஷமாக மற்றவர்கள் எழுதித் தரும் விபத்துக் கதைகளைப் படித்துச் சிரிக்கிறவன். ‘நான் சும்மா நின்றுகொண்டிருந்தேன், சுவர்தான் கொஞ்சம் முன்னால் வந்தது’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் முகவரியைத் தேடி எடுத்து மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசிக்கிறேன்.

டிசம்பர் 17, செவ்வாய்

நாயகியிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? ஏற்றாமல் விட்டால் போயிற்று. ஒரு குச்சி சமாசாரம்.

இன்று ஏற்றாமல் கிளம்பினேன். கேட் வரை வந்ததும் பர்ஸை மறந்தது ஞாபகம் வந்தது. திரும்பிப் போய் வண்டியை நிறுத்தி, நாயகியை “ரெண்டு நிமிஷம், வெளியில நில்லு” என்று இறக்கிவிட்டு, திரும்பினதுதான் திரும்பினோம் என்று ஊதுவத்தி ஒன்று ஏற்றிவிட்டேன்.

எண்: 290.

டிசம்பர் 18, புதன்

இன்றும் பர்ஸ்.

டிசம்பர் 19, வியாழன்

பர்ஸ் சட்டைப்பையிலேயே இருந்ததை நாயகி பார்த்துவிட்டார்.

கேன்டீனில் எபினேசரை மடக்கினேன். “எபி, உண்மையைச் சொல்லுங்க. முட்டிதானா?”

அவர் வடையைக் கீழே வைத்தார். “அண்ணே, தப்பா எடுத்துக்கிடாதீங்க. ஒரு வருஷமா சொல்லணும் சொல்லணும்னு வாய் வரைக்கும் வரும். அது உங்க சாமி சமாச்சாரம். நான் ஒருத்தன் ஊதுவத்தி வேண்டாம்னு சொன்னா, அது புகையைப் பத்தின பேச்சா இருக்காது பாத்துக்கிடுங்க, வேற பேச்சா ஆயிரும். அதான் முட்டியைச் சொன்னேன். கர்த்தர் மன்னிக்கட்டும், என் முட்டி நல்லாத்தான் இருக்கு.”

ஷீலா மேடத்துக்கு நான் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். அவர் பஸ்ஸில் வருகிறாராம்.

“சரி, இப்பதான் தெரிஞ்சுபோச்சே, ஏத்தாம வாங்கண்ணே. நானும் வாரேன்” என்றார்.

“பாக்கலாம்” என்றேன். என்ன பார்ப்பது என்று அவருக்கு விளங்கவில்லை. ஏற்றாமல் போன ஒரு நாள் என்ன ஆயிற்று என்பது எபிக்குத் தெரியாது, அப்போது அவர் எங்களோடு வந்துகொண்டிருக்கவில்லை.

டிசம்பர் 20, வெள்ளி

வண்டி சர்வீஸுக்குப் போயிருப்பதாக நாயகியிடம் சொன்னேன். இருவரும் பஸ். வண்டி ‘ஏ’ பிளாக்குக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு நிற்கிறது.

பஸ்ஸில் நாயகிக்குச் சீட் கிடைத்தது. பக்கத்தில் இருந்த அம்மாளிடம் கேசவர்த்தினி முதல் வடபழனி வரை பேசிக்கொண்டே வந்தார். அந்த அம்மாளின் மருமகள் பற்றி எனக்கே இப்போது முழு விவரமும் தெரியும். இருமல், இரண்டே இரண்டு.

இறங்கும்போது, “தார்ப்பாய் நம்ம பரண்ல இருந்ததுதான?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

டிசம்பர் 22, ஞாயிறு

காலையில் நாயகி கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது எதிரே போய் உட்கார்ந்தேன். நஸ்ரின் சொன்னதைச் சொன்னேன். ஏழு முப்பத்தெட்டு, செங்குத்து, எல்லாம்.

அவர் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“தெரியும்” என்றார்.

“என்ன தெரியும்?”

“ஊதுவத்திதான்னு. ஒண்ணரை வருஷமா தெரியும். ஸ்கூல் டூர் போனேனே பத்து நாள், அப்ப இருமலே இல்ல. திரும்பி வந்து கார்ல ஏறின அன்னிக்கே ஆரம்பிச்சுது.”

“தெரிஞ்சா சொல்லித் தொலைக்க வேண்டியதுதான? லைப்ரரிக்குப் போறேங்கற அளவுக்கு...”

“சொன்னா நீங்க நிறுத்திடுவீங்க.”

“நிறுத்தத்தான வேணும்?”

“நிறுத்தினா வண்டியைத் தொட மாட்டீங்க.” இப்போது நிமிர்ந்து பார்த்தார். “என் கையில தகடு வச்ச அன்னிக்கு ஆஸ்பத்திரி வராண்டாவுல நீங்க இருந்த இருப்பை நான் பார்த்தேன். எனக்குத்தான் எலும்பு முறிஞ்சுது, நர்ஸ் உங்களைத்தான் பிடிச்சுக்கிட்டாங்க. ‘அன்னிக்கு வீட்டுல ஊதுவத்தி டப்பா காலியா இருந்துது நாயகி, சாமிக்கு ஏத்தாம வந்துட்டேன் நாயகி’ன்னு அதையே சொல்லிட்டு இருந்தீங்க. மூணு மாசம் வண்டி எடுக்கல. அப்புறம் அந்தக் குச்சியை வண்டிக்குள்ளயே வச்சுத்தான் எடுத்தீங்க. சரி, ரெண்டு இருமல் இருமினா போகுதுன்னு விட்டுட்டேன். அது என்னடான்னா வேலைக்கே வந்துடுச்சு.”

இந்த நோட்டில் விருகம்பாக்கம் சிக்னல் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறேன். நஸ்ரின், விவரம் இதுதான்: இரண்டு வருஷம் முன்னால் அங்கே ஒரு தண்ணீர் லாரியின் வால் எங்கள் காரின் இடது பக்கம் லேசாக உரசியது. லேசாகத்தான். இடது கதவுகள் இரண்டையும் மாற்றினார்கள். அந்த இழப்பீட்டுப் படிவத்தில் ‘விபத்து நடந்த விதம்’ என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நான் நாலு நாள் வெறுமனே வைத்திருந்தேன். நான். முப்பது வருஷ சர்வீஸ்.

“இப்ப என்ன பண்ணலாம்?” என்று கேட்டேன்.

“கீரையைக் கழுவிக்கிட்டு வாங்க” என்றார்.

டிசம்பர் 23, திங்கள்

அரையாண்டு விடுமுறைக்கு முன் கடைசி வேலை நாள். தார்ப்பாயை எடுத்தேன். நான்கு ஜன்னலையும் இறக்கி, பத்து நிமிடம் காரைக் காற்றாட விட்டேன். பூவராகவன் மாடியிலிருந்து, “என்ன சார், நம்ம வண்டியைப் பாத்துக் காப்பியா?” என்றார்.

பிள்ளையாருக்குப் பூ வைத்தேன். ஊதுவத்தி இரண்டை எடுத்து, ஏற்றாமல், அப்படியே ஸ்டாண்டில் செருகினேன். அவருக்கு வாசனை தெரியும். அவருக்கு இருக்கிற மூக்குக்கு நெருப்பு எதற்கு?

நாயகி ஏறி உட்கார்ந்து, ஸ்டாண்டைப் பார்த்துவிட்டு, கைப்பையைத் திறந்து காட்டினார். உள்ளே தீப்பெட்டி.

“என்கிட்டதான் இருக்கு. வேணும்னா கேளுங்க, ஓரங்கட்டி ஏத்திக்கலாம். வெக்கப்பட வேணாம்.”

கேட்டில் எண்: 52. பச்சை. இந்தப் பெட்டிக்குப் பச்சை விளக்கு இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

கேட்டிலேயே பர்ஸ் ஞாபகம் வந்தது. நாயகி என் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார். கேசவர்த்தினியில் எபினேசர் நின்றிருந்தார். ஏறி உட்கார்ந்து, கர்ச்சீப்பை எடுத்து, ஒரு மோப்பம் பிடித்து, மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார். வளசரவாக்கத்தில் ஒரு லாரியின் பின்னால் மாட்டிக்கொண்டோம். 118. யூ-டர்ன் பட்டனை அமுக்கினேன். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி 64. முன்னால் லாரி கக்கிக்கொண்டே போகிறது, உள்ளே 64. ஒரு பட்டனில் இவ்வளவு இருக்கிறது!

விருகம்பாக்கம் சிக்னலில் சிவப்பு. ஏ.சி. சரியாக வேலை செய்யவில்லைபோலிருக்கிறது, உள்ளங்கை வேர்த்தது. ஸ்டியரிங் வழுக்கியது. இடது பக்கம் ஒரு தண்ணீர் லாரி வந்து நின்றது. வராமல் இருந்தால்தான் ஆச்சரியம், இந்த ஊரில் மழைக்காலத்திலும் தண்ணீர் லாரி. நான் கைப்பையைப் பார்த்தேன். நாயகி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே பார்த்துக்கொண்டிருந்தார். தகடு வைத்த இடது கையால் கைப்பையைப் பிடித்துக்கொண்டு, வலது கையை எடுத்து, கியர் மேல் இருந்த என் கைமேல் வைத்தார். எபினேசருக்குத் திடீரென்று ஜன்னல் பக்கம் இயற்கை அழகு தெரிய ஆரம்பித்தது.

எஞ்சினை அணைத்தேன். மூன்று நிமிட சிக்னல் அது, காவல் நிற்பவருக்காவது கொஞ்சம் குறையட்டும். உண்மையைச் சொன்னால், தண்ணீர் லாரி பக்கத்தில் நிற்கும்வரை வண்டி அணைந்திருப்பது நல்லது என்றும் தோன்றியது. எந்தக் காரணம் முதலில் வந்தது என்பது ஆராய்ச்சிக்குத் தேவையில்லை.

பச்சை விழுந்தது. கிளப்பினேன். லாரி முன்னால் போகட்டும் என்று விட்டேன். போயிற்று. ஒன்றும் ஆகவில்லை.

தீப்பெட்டியை நான் கேட்கவில்லை. ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நல்ல காற்று, வீணாக்குவானேன்.

டிசம்பர் 28, சனி

விடுமுறை. வண்டி எடுக்கவில்லை. நாயகி காலையிலிருந்து தொலைபேசியில் தங்கையோடு. இருமல் எண்ணினேன். சாப்பாட்டுக்கு முன் ஒன்று. அது மிளகாய் வறுத்ததற்கு.

ஜனவரி 2, வியாழன்

இரண்டாம் தேதி. எண்: கேட்டில் 49, வடபழனியில் 97. ஊதுவத்தி ஸ்டாண்டில், ஏற்றாமலே. தீப்பெட்டி கைப்பையில்.

பள்ளி வாசலில் இறங்கும்போது “என்ன சொல்லப் போற?” என்று கேட்டேன். “போய்ப் பாக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ஆபீஸில் வேலை ஓடவில்லை. யாரோ ஒருவர் தன் கார் ஆட்டின் மேல் மோதவில்லை, ஆடுதான் கார்மேல் ஏறிப் பார்த்தது என்று எழுதியிருந்ததை அப்படியே நம்பி அடுத்த மேஜைக்கு அனுப்பிவிட்டேன்.

பன்னிரண்டரைக்கு போன் வந்தது. பின்னால் பிள்ளைகள் கூச்சல்.

“ஏங்க, சாப்பிட்டீங்களா?”

“அதை விடு. தாளாளர்கிட்ட என்ன சொன்ன?”

“இன்னும் பாக்கல. கிளாஸ்தான் முதல்ல இருந்துது. ஏழாம் வகுப்பு.”

“சரி?”

“முதல் பானிபட் எடுத்தேன். நிக்கல. சரின்னு ரெண்டாம் பானிபட். அப்பவும் ஒண்ணும் வரல. மணியடிக்கப் பத்து நிமிஷம் இருந்துது...” ஒரு மூச்சு வாங்கினார். இருமப் போகிறார் என்று நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இருமல் இல்லை, சிரிப்பு. “மூணாம் பானிபட்டையும் முடிச்சுட்டேங்க. அது பாடத்துலயே அடுத்த மாசம்தான் வருது. பசங்க மிரண்டுட்டாங்க.”

தாளாளரிடம் சாயங்காலம் சொல்லிவிட்டார். லைப்ரரி அமைதியாகவே இருக்கட்டும்.

நாளை நஸ்ரின் நோட்டை வாங்க வருகிறார். கடைசிப் பக்கத்தில் அதே கேள்விகளை இன்னொரு தடவை அச்சடித்திருக்கிறார்கள், ஏதாவது மாறியிருக்கிறதா என்று பார்ப்பதற்காம். பெயர், வயது, வேலை எல்லாம் பழையபடி எழுதினேன்.

காருக்குள் புகைப்பவர் உண்டா?

இருந்தார். பெயர் ஞானசம்பந்தம். டிசம்பர் 23-ல் விட்டுவிட்டார். இந்தத் தடவை வீட்டில் பாயசம் வைத்தார்கள்.